தாத்தாவின் சுரங்கமும் கார்ன்வாலும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலுக்குப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் எந்த பீச் என்றுதான் கேட்டார்கள். நான் போனது சுரங்கம் பார்க்க. தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தபின் மேலாட்களாக வந்த வெள்ளைக்காரர்களில் நிறையப் பேர் கார்ன்வால்காரர்கள். கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்து நம் ஆட்கள்.

லண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பிளிமத் தாண்டியதும் எஞ்சினியர் புரூனெல் கட்டிய 1859ஆம் வருடத்துப் பாலத்தில் ரயில் ஊர்ந்து தேமர் ஆற்றைக் கடக்கும். அந்த ஆறுதான் கார்ன்வாலின் எல்லை. வடக்கே சில மைல் தரை மட்டும் இல்லாவிட்டால் இது தீவு. அதனாலோ என்னவோ, கார்ன்வால்காரர்கள் சிலருக்குத் தங்களை இங்கிலாந்துக்காரர் என்று சொன்னால் பிடிப்பதில்லை. அவர்களுக்குத் தனி மொழியும் உண்டு.

மறுநாள் காலை செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். கடலுக்குள் ஒரு குன்று, உச்சியில் கோட்டை. நீர் வற்றும்போது கல் பாதையில் நடந்தே போகலாம். நான் நேரம் பார்க்காமல் போய், பாதை முழுகிவிட்டதால் படகுக்குக் காசு கொடுத்தேன். சரி, விடுங்கள்.

மதியம் பெண்டீன். வழியெல்லாம் மலைச்சரிவில் கருங்கல் எஞ்சின் கட்டடங்கள், பக்கத்திலேயே புகைபோக்கி. கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. பக்கத்து லெவன்ட் சுரங்கத்தில் கடலுக்கடியிலேயே தோண்டியிருக்கிறார்கள். 1919இல் ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரம் அறுந்து 31 பேர் செத்துப்போனார்கள்.

நான் பார்த்தது கீவர். வெள்ளீயச் சுரங்கம், 1990இல் மூடியது. இப்போது மியூசியம். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்கு அங்கே ‘டிரை’ என்று பெயர். வரிசையாக லாக்கர்கள், அழுக்கு ஓவரால்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனும், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடும் தாத்தாவின் பித்தளை டோக்கனும் ஞாபகம் வந்தன. அப்புறம் தலையில் ஹெல்மெட்டோடு வீல் மெக்சிகோ என்ற பழைய சுரங்கத்துக்குள் குனிந்தே நடந்தேன். இங்கே ‘வீல்’ என்றால் வேலைத்தலம், சுரங்கம். சக்கரம் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டிப்போனவர் அங்கேயே வேலை பார்த்த பெரியவர். எந்த ஊர் என்றார். கோலார் என்றேன். அவர் நடை நின்றது.

“எவ்வளவு ஆழம்?”

“மூன்று கிலோமீட்டருக்கு மேல்.”

“கீழே சூடு எப்படி?”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பாறையில் கை வைத்தால் சுடும் என்பார் தாத்தா. அதைச் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “இங்கே ஈரம்தான்” என்றார்.

வெளியே வந்தால் பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். பென்சான்ஸில் வாங்கிய பாஸ்டியைப் பையிலிருந்து எடுத்தேன். பார்க்க நம் சோமாசி மாதிரி, ஓரம் மடித்தது. ஆனால் உள்ளங்கையை விடப் பெரிது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்ற டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு. ஆறிப்போயிருந்தது. மிளகு மட்டும் நன்றாக உறைத்தது.