பல்வலி மாத்திரையும் அம்மாவின் ஐ.என்.ஆரும்

அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்து வருடங்கள் ஆகின்றன. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் சோதனை எண்தான் ஐ.என்.ஆர். கூடினால் ரத்தக்கசிவு பயம், குறைந்தால் ரத்தம் கட்டும் பயம். அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தது.

பல்லில் சீழ் பிடித்ததும் வந்தது வினை. அசிட்ரோம் சாப்பிடுவதைப் பல் டாக்டரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதினார். அசிட்ரோம் உடலில் சிதைவதை அது தடுத்துவிடும். அதே அளவு மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். கையெல்லாம் நீலத் திட்டு. சோதித்தால் 5.8.

வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். டியூட்டி டாக்டர் இரண்டு இரவு மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அது சரி. அப்புறம் தினமும் 1 மில்லிகிராம், ஒரு மாதம் கழித்து வரவும் என்று எழுதினாரே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. மெட்ரோனிடசோல் நாளையோடு முடிகிறது என்று, அம்மாவின் மருந்தும் ஐ.என்.ஆரும் எழுதி வைக்கும் நோட்டை நீட்டினேன். "எல்லாம் சீட்டுல இருக்கும்மா." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

மெட்ரோனிடசோல் நின்றால் ஐ.என்.ஆர். தானாக இறங்கும். அதோடு அளவையும் பாதிக்குக் கீழே குறைத்துவிட்டு ஒரு மாதம் பார்க்காமல் விடுவதா? வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரை போகும். மனசு கேட்காமல் அந்த வாரமே வெளி லேபில் பார்த்தோம்: 1.6.

ரிப்போர்ட்டோடு ஓடினோம். கார்டியாலஜி ஓ.பி. சிஸ்டர் நோட்டைப் புரட்டி, மெட்ரோனிடசோல் என்று எழுதியிருந்த வரியைப் பார்த்ததும் நேரே சீனியர் டாக்டரிடம் எடுத்துப்போனார். பழைய அளவே திரும்பி வந்தது, ஐ.என்.ஆர். ஏறும்வரை ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி. கடைசியாகப் பார்த்தபோது 2.9. அப்பாடா!

நோட்டு கட்டாயம் போடுங்கள். தேதி, ஐ.என்.ஆர்., சாப்பிட்ட அளவு, புதிதாகச் சேர்ந்த மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். அளவை மில்லிகிராமில் எழுதுங்கள். அசிட்ரோம் 1, 2, 3, 4 என்று வருவதால் 'ஒன்றரை மாத்திரை' என்றால் யாருக்கும் புரியாது. மாத்திரையைச் சாயங்காலம் வைத்துக்கொண்டால், காலையில் ரத்தம் கொடுத்து அன்றைய அளவை அன்றே மாற்றலாம். அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும் என்று கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே மாதிரி சாப்பிட்டால் போதும் என்றார் சீனியர் டாக்டர். அம்மாவுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

பல் பிடுங்குவது இன்னும் பாக்கி. இந்தத் தடவை பல் டாக்டர் என்ன எழுதினாலும், கார்டியாலஜியில் காட்டிய பிறகுதான் மருந்துக்கடைக்குப் போவோம்.