மலைக்குப் போறேன்

ஜனவரி 4, 2025, சனி. கம்பளை

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "மலைக்குப் போறேன்மா" என்றேன். "பேர் பதிஞ்சிட்டாங்களா?" என்று கேட்டார் அம்மா. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு மலை என்றால் தேயிலை நிற்கிற நிலத்துண்டு. நாலாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. மலைக்குப் போறேன் என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று அர்த்தம், பேர் பதிவது என்றால் அந்த வேலைக்குப் பெயர் கொடுப்பது. அதற்கு மேலே கல்லும் மரமுமாக நிற்கிறதே, அது 'காடு'. அங்கே விறகுக்குப் போவதோடு சரி. சுற்றிலும் மலையாக இருக்கிற ஊரில் முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டு ஒன்றின் உச்சியைக்கூடப் பார்க்காதவன் நான். அதனால்தான் இந்த வருஷம் மழை பிடிப்பதற்குள் முடிந்தவரை ஏறிப் பார்ப்பது, வந்த கையோடு இங்கே எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் லேசானதாக இருக்கட்டும் என்று அம்புலுவாவை. ஆயிரம் மீட்டர் சொச்சம் உயரமான மலை, அதன் தலையில் 48 மீட்டர் கோபுரம். எல்லோரும் ஆட்டோவில் போகிற பாதையில் சித்தப்பா மகனும் நானும் நடந்தே ஏறினோம். அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் கோபுரத்தில்தான் ஆரம்பித்தது. வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் படி மேலே போகப் போக ஒடுங்கி, கடைசிச் சுற்றுகளில் ஒரு ஆள் அகலத்துக்கு வந்துவிடுகிறது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. இறங்கி வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள, நாங்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கடந்தோம். ஒரு அம்மா கண்ணை மூடியபடி "புது சரணய், புது சரணய்" (புத்தர் துணை) என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இறங்கினார். எனக்கு வாயில் முருகன் பெயர்கூட வரவில்லை.

மேலே ஒரு பக்கம் பைபிள் ரொக், இன்னொரு பக்கம் தும்பறை மலைகள், தென்கிழக்கே பிதுருதலாகலை. சிவனொளிபாத மலை இருக்கும் திசையில் மேகம். எல்லாம் தெரிந்தது, ஆனால் காலடியில் எதுவுமே இல்லாமல் பார்ப்பது சினிமா பார்ப்பது மாதிரிதான் இருந்தது. கொங்கிரீட்டில் ஏறிப் பார்ப்பது ஏறினதில் சேராது என்றான் தம்பி. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், முழங்கால் இன்னும் நடுங்குகிறது.

ஜனவரி 13, 2025, திங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை)

இன்றைக்கு கிரேட் வெஸ்டர்ன் மலை. பதுளை ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் ஜன்னலில் பார்த்திருப்பார்கள், பாதைக்கு மேலே சுவர் மாதிரி எழுந்து நிற்கும், 2,200 மீட்டருக்கு மேல். மாமாவும் வந்தார். வயது அறுபத்தொன்று, காலில் பாட்டா செருப்பு, கையில் கத்தி. நான் ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "இது தண்ணி குடிக்கும் தம்பி" என்றார். குடித்தது.

தேயிலை முடிகிற இடம் வரைக்கும் பிரச்சினை இல்லை. பறிக்கிறவர்கள் போட்ட குறுக்குப் பாதை, கான் (தண்ணீர் ஓடும் வடிகால்), படி எல்லாம் இருந்தன. கடைசித் தேயிலைச் செடிக்கும் முதல் காட்டு மரத்துக்கும் நடுவில் ஒரு நாலடி அகலக் கான்தான். அதைத் தாண்டியதும் வெளிச்சம் அப்படியே குறைந்து, சத்தம் அடங்கி, குளிர் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு காலடி எடுத்து வைப்பதில் இவ்வளவு மாறும் என்று நான் நினைக்கவில்லை.

ஏன் அங்கே நின்றுவிட்டார்கள், இன்னும் மேலே போயிருக்கலாமே என்று மாமாவிடம் கேட்டேன். "வெள்ளைக்காரனுக்கு மூச்சு வாங்கியிருக்கும்" என்றார். உண்மைக் கதை வேறு. தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் காட்டைக் கண்டபடி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1873-இல் லண்டன் கியூ தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டில் கை வைக்காதீர்கள், மழையும் ஆறும் போய்விடும் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த உயரத்துக்கு மேலே காடு விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன்பே கைமாறிய நிலங்களில் தேயிலை மேலே போயிருக்கிறது, நுவரெலியாவைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் உச்சிகளில் இன்றைக்குக் காடு மிஞ்சியிருப்பதில் அந்த மனிதருக்குப் பங்குண்டு. மாமா கேட்டுவிட்டு, "அப்ப நம்மாள்க வெட்டினது அஞ்சாயிரம் அடி வரைக்கும்னு சொல்லு" என்றார். யார் சொன்னார்கள் என்பது எழுதி வைத்திருக்கிறது. யார் வெட்டினார்கள் என்பது மாமாவுக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த மாதம், அட்டை இருக்காது என்று நம்பிப் போனேன். மாமா சவர்க்காரத்தைத் தண்ணீரில் குழைத்து முழங்கால் வரை பூசிக்கொண்டார், நான் வெட்கப்பட்டுப் பூசவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினால் காலுறையின் நெசவுக்குள்ளே தலையை நுழைத்துக்கொண்டு நூல் மாதிரி ஒன்று, ஏற்கெனவே குடித்துப் பருத்து உருண்டு கிடந்தவை மூன்று. பிடுங்காதே, தானாக விழட்டும் என்று அவர் சொல்வதற்குள் நான் பிடுங்கிவிட்டேன். சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை.

உச்சிக்கு அருகில் பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. மேலே காற்று. கீழே தலவாக்கலை டவுன், மேல் கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி, ரயில் பாதை, எங்கள் தோட்டத்து பெக்டரியின் தகரக் கூரை. நாங்கள் குடியிருக்கும் லயத்தை, அந்த வரிசை வீடுகளைத் தேடினேன். கோயில் பக்கத்துப் பெரிய மரத்தை அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தபோது அது தீப்பெட்டி அளவுகூட இல்லை. மாமா அதைப் பார்க்கவேயில்லை. பாறைக்குப் பின்னால் காற்று படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிரித்தார்.

இறங்கும்போது வழி தப்பியது. என் தப்புதான், நான் முன்னால் போனேன். தண்ணீர் ஓடிய தடத்தைப் பாதை என்று நம்பி ஒரு ஓடைக்குள் இறங்கி அரை மணி நேரம் போன பிறகு கீழே செங்குத்து. மாமா திட்டவில்லை. வந்த தடத்திலேயே திரும்பி ஏறி, தான் போகும்போது கத்தியால் சீவி வைத்திருந்த கிளைகளைக் காட்டினார். நான் ஒன்றைக்கூடக் கவனித்திருக்கவில்லை.

பிப்ரவரி 1, 2025, சனி. ஹோட்டன் சமவெளி

விடிகாலை நாலு மணிக்கு வேன். பட்டிப்பொல வழியாக ஏறினோம். தேசியப் பூங்கா வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் புல் முழுவதும் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. வேன்காரர் படம் எடுத்தார். எனக்கு அதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம், இப்படி ஒரு ராத்திரி பனி கொட்டினால் கொழுந்து கருகிப் போய் ஒரு கிழமைக்குப் பறிக்க ஒன்றும் இருக்காது என்பார்.

உள்ளே நடக்கப் போகிறவர்களின் பையைப் பார்க்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபலைக் கூட ஒரு உத்தியோகத்தர் நகத்தால் உரித்து எடுத்தார். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தார். பொலித்தீனை மரைகள் (பெரிய காட்டு மான்கள்) தின்றுவிடும் என்பதுதான் காரணம், வாகனம் நிறுத்துமிடத்திலேயே இரண்டு மரைகள் பிச்சைக்காரர்கள் மாதிரி நின்றன.

வந்தவர்கள் எல்லோரும் உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்புக்குப் போனார்கள். நாங்கள் மூன்று பேர் கிரிகல்பொத்தைக்குத் திரும்பினோம். 2,388 மீட்டர், நாட்டில் இரண்டாவது உயரம். முதலாவதான பிதுருதலாகலைக்கு (2,524 மீட்டர்) நடந்து ஏற விடமாட்டார்கள், மேலே ராணுவ முகாமும் தொலைக்காட்சிக் கோபுரமும் இருக்கின்றன, வாகனத்தில்தான் போக வேண்டும். ஆகவே காலால் ஏறக்கூடிய அதிக உயரம் இதுதான். பார்வையாளர் நிலையமான ஃபார் இன்னிலிருந்து போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு.

ஏழு கிலோமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்தது பெரிய முட்டாள்தனம். ஏற்றம் கொஞ்சம்தான். ஆனால் பாதை என்பது பாதி இடத்தில் கறுப்புச் சேற்றுக் கான். கால் வைத்தால் கணுக்கால் வரை போய், எடுக்கும்போது 'சளக்' என்கிறது. புல்வெளி, ஒரு சின்ன ஆறு, காடு, மறுபடி புல்வெளி என்று மாறி மாறி வருகிறது. காட்டுக்குள்ளே நெலு. மரத்துக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குச்சி குச்சியாக அடைத்துக்கொண்டு நிற்கும். சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றாகப் பூத்து, ஒன்றாகச் செத்துப்போகிற செடி. பூக்காத வருஷத்தில் அதற்கு முகத்தில் அடிப்பது ஒன்றுதான் வேலை. மரங்கள் எல்லாம் கட்டை, கோணல், உடம்பு முழுக்கப் பாசியும் தாடியும். பாதை நடுவில் முடி கலந்த சாணம் ஒன்று கிடந்தது. "சிறுத்தை" என்றார் கூட வந்தவர், மரையைத் தின்றிருக்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் மூன்று பேரும் ரொம்ப நெருக்கமாக நடந்தோம்.

இதுதான் உச்சி என்று மூன்று தடவை ஏமாந்தேன். உண்மையான உச்சியில் கோபுரமும் இல்லை, கோயிலும் இல்லை. பாறை, குட்டைச் செடி, அப்புறம் விளிம்பு. மேற்கே அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை தேயிலை எல்லாம் பச்சைச் சீப்பு வைத்து இழுத்த மாதிரி. தூரத்தில் சிவனொளிபாத மலை, முக்கோணமாக, இந்தத் தடவை மேகம் இல்லாமல். பத்து நிமிஷம். அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

திரும்பி வர மூன்றேகால் மணி நேரம். பக்கத்து மலையான தொட்டுபொல கந்தையையும் இன்றைக்கே முடித்துவிடலாம் என்ற என் யோசனையை மற்ற இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

படி இறங்க முடியவில்லை. சித்தாலேப்ப தைலம். வேறு செய்தி இல்லை.

பிப்ரவரி 15, 2025, சனி

தொட்டுபொல கந்த. 2,357 மீட்டர், மூன்றாவது உயரம், ஆனால் பட்டிப்பொல ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ராவணனின் விமானம் இறங்கிய துறை என்று கதை. ஏறும் வழியில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மரங்கள் நின்றபடியே, உச்சிக் கிளையிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வெள்ளெலும்பு மாதிரி நிற்கின்றன, ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக. ஹோட்டன் சமவெளிக் காட்டில் பல வருஷமாக நடக்கிற சாவு இது, இந்த மலையில் ரொம்ப மோசம். மண் என்கிறார்கள், வறட்சி என்கிறார்கள், காற்றில் வரும் மாசு என்கிறார்கள். யாரும் வெட்டாத காடு.

மார்ச் 1, 2025, சனி. அப்புத்தளை

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "நீ அப்படி மேல போயி என்னத்தப் பாக்குற?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முழங்காலுக்கு ஏற்றது லிப்டன் சீட் என்கிற காட்சிமுனைதான். அப்புத்தளையிலிருந்து தம்பதென்னைக்கு பஸ், 1890-இல் கட்டிய பெக்டரிக்கு முன்னால் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. திரும்பும்போது நடக்கலாம் என்று பேச்சு.

எட்டு மணிக்கு மேலே இருந்தோம். தெற்கே நிலம் அப்படியே விழுந்து, கீழ்நாட்டுச் சமவெளி வெயிலில் மங்கலாகக் கிடந்தது. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் தன் தோட்டங்களைப் பார்க்க இங்கே உட்காருவாராம், இப்போது சிலையாகவும் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். அம்மாவையும் உட்காரச் சொன்னேன். "நமக்கெதுக்கு, தொர பக்கத்துல" என்று நின்றுகொண்டார். முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவர், ஒரு தடவைகூட மேலே இருந்து கீழே பார்த்ததில்லை. பார்த்தார், கொஞ்ச நேரம், சமவெளியை இல்லை, ரோட்டுக்குக் கீழே இருந்த தேயிலையை.

"இது போன வருஷம் கவ்வாத்து வெட்டின மலை" என்றார், செடியை மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. "வெட்டினவன் கை சரியில்ல."

ஒன்பதரைக்கு மூட்டம் வந்து சமவெளியை எடுத்துக்கொண்டது. நடந்து இறங்கினோம். அம்மா ரோட்டோரமாக, செடிகளை ஒட்டியே வந்தார். ஊரிலே யாருக்கோ கல்யாணம் பேசுகிற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவரின் கை தானாகப் போய் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளியது, அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. கை நிறைந்ததும், பேச்சை நிறுத்தாமல், தோளுக்குப் பின்னால் எறிந்தார். கூடை இல்லை. கொழுந்து ரோட்டில் விழுந்தது. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு அதைத் தாண்டிக்கொண்டு ஏறிப் போனாள்.

அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கால் கிலோ இருக்கும்" என்றார்.