நாமா, நாங்களா?

செவ்வாய்தோறும் மாலை, கனடாவின் சாஸ்கடூன் நகரில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழி வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் ஆசிரியை கைப்பையிலிருந்து ஓர் ஆற்றுக்கல்லை எடுத்து மேசையில் வைத்தார். அசினி. கிரீ இலக்கணத்தில் கல் உயிருள்ள பெயர். ராஸ்பெர்ரியும் அப்படித்தான், ஸ்ட்ராபெர்ரி மட்டும் உயிரற்றது. ஏன் என்று கேட்டேன். சிரித்தார், பதில் இல்லை. கல்லை அஃறிணையில் தள்ளியே வளர்ந்தவன் நான். அதைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்து, ‘கியானவ்’, ‘நியனான்’. முன்னது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், பின்னது சேர்க்காது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் திணற, நான் துள்ளினேன். நாம், நாங்கள்! வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

பஸ் ஏறும்வரைகூட அந்தப் பெருமிதம் தாங்கவில்லை. இந்த ஊர், பிரிட்டிஷ் முடியரசும் கிரீ உள்ளிட்ட பூர்வகுடிகளும் 1876இல் செய்துகொண்ட ஆறாம் உடன்படிக்கையின் நிலத்தில் இருக்கிறது. நிலத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்கிறது ஆங்கிலப் பத்திரம். கலப்பை இறங்கும் ஆழம்வரை பகிரத்தான் சம்மதித்தோம் என்கிறார்கள் கிரீ மூத்தோர். கிரீ தலைவர் மிஸ்தஹிமஸ்க்வா அன்று கையெழுத்திட மறுத்தார். எருமைகள் அழிந்து, மக்கள் பட்டினி கிடந்த பிறகு 1882இல் இட்டார். உடன்படிக்கைப்படி அரசு அவர்களுக்குத் தரும், ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் என்ற தொகை இன்றும் அதே ஐந்துதான்.

‘நாம் அனைவரும் உடன்படிக்கை மக்கள்’ என்று இங்கே கூட்டங்களில் சொல்வார்கள். அந்த ‘நாம்’ என்னையும் சேர்த்ததுதானா?

வீட்டுப்பாடம்: ஆற்றைப் பற்றி ஒரு வாக்கியம். ‘நம் ஆறு’ என்று எழுதினேன். அடித்தேன். ‘உங்கள் ஆறு’ என்று மாற்றினேன். அதுவும் ஒட்டவில்லை. செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.