கையெழுத்திட்டேன்

“கையெழுத்திட வைக்கப்பட்டேன்” என்ற பொருளில் நான் எழுதியிருந்த வரியை மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் வாசித்ததும் அந்த அம்மையார் தலையசைத்து மறுத்தார். “அன்று என் கையை யாரும் பிடிக்கவில்லை. பேனாவை நானேதான் எடுத்தேன். கையெழுத்திட்டேன் என்று எழுதுங்கள்” என்றார். ஆறு ஆண்டுகள் கடந்தும் அந்த இரண்டு வினைச்சொற்களும் என்னை விடவில்லை.

டொராண்டோவில் அகதி வழக்குகளுக்கு வாக்குமூலம் தயாரிப்பது என் வேலை. அந்த அம்மையார், தியானமும் உடற்பயிற்சியும் கலந்த சீன ஆன்மிகப் பயிற்சியான ஃபாலுன் கோங்கைப் பின்பற்றுபவர். 1999 ஏப்ரல் 25 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் பயிற்சியாளர்கள் பெய்ஜிங்கில் சீனத் தலைமையின் அலுவலகங்கள் உள்ள சோங்நான்ஹாய் வளாகத்தைச் சுற்றி அமைதியாக நின்றார்கள்; மூன்று மாதத்திற்குள், ஜூலை 22 அன்று, அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. ஜூன் 10 அன்றே, அந்தத் தேதியைப் பெயராகக் கொண்ட 610 அலுவலகம் அவ்வமைப்பை ஒடுக்குவதற்கென அமைக்கப்பட்டிருந்தது. ஆளை அடைத்து வைப்பது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. ‘ஜுவான்ஹுவா’, அதாவது மனமாற்றம், நடந்தாக வேண்டும். பயிற்சியைக் கைவிடுகிறேன் என்ற உத்தரவாதக் கடிதத்தைப் பிடிபட்டவரே எழுதித் தர வேண்டும். அம்மையாரை மறுகல்வி முகாமில் பதினொரு இரவுகள் தூங்கவிடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை யாரும் அவரைத் தொடவில்லை. மேசையில் தாளும் பேனாவும் இருந்தன.

அப்படிப் பெற்ற கையெழுத்தை விருப்பத்தின்பேரில் இட்டதென்று எப்படிச் சொல்வது? என் வரியில் பொய் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். முகாம் முறை 2013இல் ஒழிக்கப்பட்ட பின்னும் சீனக் குற்றவியல் சட்டத்தின் 300ஆம் பிரிவின்கீழ் பயிற்சியாளர்களைச் சிறைக்கு அனுப்புவது நிற்கவில்லை என்பதை நாங்கள் நிறுவ வேண்டியிருந்தது. தானாகவே கைவிட்டவருக்குத் திரும்பிப் போவதில் என்ன ஆபத்து என்று விசாரணையில் கேட்டுவிடுவார்களே என்று அஞ்சினேன்.

அவருடைய கணக்கோ வேறு. உண்மை, கருணை, சகிப்புத்தன்மை என்ற ஃபாலுன் கோங்கின் மூன்று நெறிகளில் முதலாவதை அன்று கைவிட்டதாகவே அவர் கருதினார். விடுதலையான பிறகு, அந்தக் கடிதம் செல்லாது என்று, இத்தகைய நிலையில் பலரும் செய்வதுபோல, பகிரங்க அறிவிப்பும் கொடுத்திருந்தார். அதில் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிருந்தார். “கட்டாயம் என்று சொல்லிவிட்டால் நான் திரும்பப் பெற்றது எதை?” என்று கேட்டார்.

மறுநாள் கெடு. சட்டத்தின் மொழி இப்படித்தான் இருக்கும் என்றேன். சிறிது நேரம் தாளைப் பார்த்தபடி இருந்துவிட்டு, என் வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். அடைக்கலம் கிடைத்தது. அந்த வரியால்தான் கிடைத்ததா என்பதைத் தீர்ப்பை மீண்டும் மீண்டும் படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

முகாமையும் என் அறையையும் ஒப்பிடுவது அங்கே துன்பப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி என்று எனக்குத் தெரியும். ஆயினும், தான் நம்பாத ஒரு வாக்கியத்தின்கீழ் அவர் இரண்டாம் முறையாகக் கையெழுத்திட்டது என் மேசையில்தான். பதினொரு இரவுகளை முழுமையாக விவரித்து, அதன் பின் “கையெழுத்திட்டேன்” என்று அவர் சொன்னபடியே விட்டிருக்கலாம். படிப்பவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அன்று அது எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் துணிவு வரவில்லை.

அதன் பிறகு, வருகிறவர்கள் சொல்லும் வினைச்சொல்லையே எழுத வேண்டும் என்று முடிவெடுத்து, பெரும்பாலும் அப்படியே செய்துவருகிறேன். சென்ற மாதம் வந்த இளைஞர் ஒருவருக்கு மட்டும் மீண்டும் “வைக்கப்பட்டேன்” என்றே எழுதினேன். அவர் மறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.