பின்னாடி டிரம்மே இருக்கட்டும்
காரில் டிரம் பிரேக் இருக்கும் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் மாட்டிவிடலாமா என்று ரொம்ப நாளாக ஒரு நமைச்சல். அலாய் வீலுக்குள் டிஸ்க் பளபளத்தால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். அங்கே ஏற்கெனவே டிஸ்க் இருக்கிறது.

ரோட்டர் என்ற சுழலும் தட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பரையும் வாங்கினால் முடிந்ததா? டிரம் சுழலும்போது, உள்ளிருந்து அதில் உரசும் ஷூவையும் கூடவே இழுத்து, தானே இன்னும் இறுகும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது, கூடுதல் அழுத்தம் வேண்டும். அப்புறம் மிதிக்கும் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர், முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு எல்லாவற்றையும் பார்க்கணும். கணக்கு பிசகிப் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றிவிடும். மழையில் கேட்கவே வேண்டாம். ஹேண்ட் பிரேக் தனித் தலைவலி.

நேற்று டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கினால் உள்ளே பிரேக் ஆயில் ஈரம். ஷூ லைனிங்கிலும் கறை. பிரேக் ஒரு பக்கமாக இழுத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மலைப்பாதையில் பாரத்தோடு ஓட்டுபவர்களுக்கு டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், அவர்கள் கணக்கு வேறு. நான் இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ மட்டும் மாற்றப்போகிறேன்.