விண்வெளி நிலையம் கிடைத்துவிட்டது, பள்ளிக் கூரைதான் கிடைக்கவில்லை

போன மாதம் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த வீராங்கனையோடு, உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் பொழுதுபோக்காக நடத்தும் ஹாம் ரேடியோவில் பேசினார்கள். நல்லபடியாக முடிந்ததே என்ற நிம்மதி இன்னும் இருக்கிறது. நடுவில் அலைக்கழிக்கப்பட்ட எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை. நான் இருப்பது டெக்சாஸில். எங்கள் ஹாம் சங்கத்தின் சார்பில் ரேடியோ வேலைகளைப் பார்த்துக்கொண்டேன். விண்ணப்பம், பாடத்திட்டம் எல்லாம் பள்ளியின் அறிவியல் ஆசிரியை பொறுப்பு. தங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் இதைச் செய்ய நினைக்கும் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் பெரிய தலைவலி இல்லை. அமெரிக்காவில் இதை நடத்தும் அரிஸ் அமைப்பு வருடத்துக்கு இரண்டு முறை அழைப்பு விடும். "எங்கள் பிள்ளைகளுக்கு விண்வெளி என்றால் உயிர்" என்று எழுதினால் மட்டும் போதாது. எத்தனை வகுப்புகள், என்ன பாடம், பேசுவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று விவரமாக எழுத வேண்டும். ஆசிரியை வகுப்பிலேயே ஆண்டெனா செய்யும் பாடம் ஒன்றைச் சேர்த்தார். அதன் பிறகு ரேடியோ கருவிகளுக்கான திட்டம் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டும் தேறினால் ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வாய்ப்பு வரலாம் என்பார்கள். வழிகாட்டியாக அனுபவமுள்ள ஹாம் ஒருவரையும் ஒதுக்குவார்கள். எங்களுக்கு வந்தவர் தங்கமான மனிதர். எல்லாரும் தன்னார்வலர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. இந்த அமைப்பு 2000 டிசம்பரில் முதல் பள்ளியைப் பேச வைத்தது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பேசியிருக்கின்றன. அந்தப் பக்கம் வேலை கச்சிதமாக நடக்கும், கவலையே வேண்டாம்.

பிரச்சினை முழுக்க இந்தப் பக்கம்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சொந்த ஆண்டெனாவில் நேரடியாகப் பேசலாம். இல்லையென்றால், உலகில் வேறெங்கோ இருக்கும் ஒரு தரைநிலையம் விண்வெளி நிலையத்தைப் பிடித்து, அங்கிருந்து தொலைபேசி வழியாகப் பள்ளிக்கு இணைப்புத் தரும். இந்த இரண்டாவது வழிக்கு டெலிபிரிட்ஜ் என்று பெயர். ஆண்டெனா வேண்டாம், கூரை வேண்டாம், கேபிள் வேண்டாம். நம் இந்தியாவில், 2025 ஜூலையில் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மேலே இருந்தபோது பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் மாணவர்கள் அவரோடு ஹாம் ரேடியோ வழியாகப் பேசினார்கள். அதைப் பார்த்து ஆசைப்படும் பள்ளிகள் டெலிபிரிட்ஜைத் தாராளமாகக் கேட்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே கருவிகளோடு ஒரு ஹாம் சங்கம் இருந்தால் நேரடியாகப் பேசுங்கள் என்பேன். தங்கள் பள்ளிக் கூரையில் இருக்கும் ஆண்டெனா விண்வெளி நிலையம் போகும் திசையில் மெல்லத் திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

நாங்கள் நேரடியாகத்தான் என்று நின்றோம். ஒரே திசையை நோக்கிப் பிடிக்கும் 14 எலிமென்ட் (கம்பி) குறுக்கு யாகி ஆண்டெனா, அதைக் கிடைமட்டமாகவும் மேலும் கீழுமாகவும் திருப்ப ரொட்டேட்டர், ஆண்டெனாவுக்கு அருகிலேயே மெல்லிய அலையைப் பெருக்கும் ப்ரீஆம்ப், இழப்பு குறைந்த கோஆக்ஸ் கேபிள். இதெல்லாம் சங்க உறுப்பினர்களிடமே இருந்தது. இது போக, பேட்டரியில் ஓடும் இரண்டாவது ரேடியோவும் ஒரு சாதாரண செங்குத்து ஆண்டெனாவும் தயாராக இருக்க வேண்டும் என்று வழிகாட்டி கறாராகச் சொன்னார். நியாயம்தான். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் நேரம் பத்து நிமிடம். அதற்குள் ஃபியூஸ் போனால் மாற்றி மாட்டக்கூட நேரம் இருக்காது.

கூரையில் வைக்க அனுமதி கேட்டு, பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஆரம்பித்தது.

முகப்பில் இருந்த அம்மணி சங்கத்தின் விபத்துக் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டார். கொடுத்தேன். அதில் பள்ளியின் பெயர் இருந்தது. பள்ளி என்பது ஒரு கட்டடம்தான், சட்டப்படி மாவட்டத்தின் முழுப்பெயர் இருக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, அவர் சொன்னதில் தவறில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதி மாற்றி வாங்கிக்கொண்டு, என் வேலையிடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மறுபடி போனேன். சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "பொறியாளர் கடிதம் எங்கே?" கூரையில் எதை நிறுவினாலும், கட்டடம் அந்த எடையையும் காற்றின் விசையையும் தாங்கும் என்று முத்திரை வைத்த பொறியாளர் கடிதம் வேண்டுமாம். போன தடவையே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "போன தடவை காப்பீடே சரியாக இல்லையே" என்றார்.

அந்தப் பதிலை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. முதல் காகிதம் சரியானால்தான் இரண்டாவது காகிதத்தின் பெயரையே சொல்வார்களாம். அந்தக் கடிதத்துக்கு ஒரு பொறியாளரிடம் விலை கேட்டோம். ஆண்டெனாவின் விலையைவிடக் கூடுதலாக வந்தது. தலைமையாசிரியரே டெலிபிரிட்ஜுக்குப் போய்விடலாமா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

வழி காட்டியது பள்ளியின் கட்டடப் பராமரிப்பாளர். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். மாடிப்படியடியில் நின்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, கூரையைத் துளைத்து எதையாவது மாட்டப்போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, முக்காலியை வைத்து அதன் கால்களில் கான்கிரீட் கட்டிகளை அடுக்குவோம், ஒரே வாரத்தில் எடுத்துவிடுவோம் என்றோம். "அப்படியானால் அந்தப் படிவம் ஏன் போட்டீர்கள்? கால்பந்து ஆட்டத்துக்குக் கேமரா வைக்கிறவர்கள் போடும் படிவத்தைப் போடுங்கள்" என்றார். தற்காலிக நிகழ்ச்சிக் கருவிகளுக்கென்று தனிப் படிவம், தனி மேசை. பொறியாளர் கடிதம் தேவையில்லை. பராமரிப்பு ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை, அவரே இருப்பதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரமே கையெழுத்தாகி வந்தது. மாவட்ட அலுவலகத்தில் யாரும் இப்படி ஒரு படிவம் இருப்பதாக மூச்சுகூட விடவில்லை.

ஆகவே, முதல் நாளே தேவையான காகிதங்களின் முழுப் பட்டியலையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் கட்டடச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள்.

அடுத்தது தேதி. விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றினாலும், நம் தலைக்கு மேல் நன்றாக உயர்ந்து வருவது எப்போதாவதுதான். அந்த நேரமும் ஒவ்வொரு நாளும் இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் நகரும். சில வாரங்கள் நிலையம் நன்றாகத் தெரியும் நேரமெல்லாம் நடுராத்திரியில் விழும். மேலே இருப்பவர்களுக்குக் கடிகாரம் கிரீன்விச் நேரம். டெக்சாஸைவிட ஐந்தாறு மணி நேரம் முன்னால் இருப்பதால், எங்கள் பள்ளி நேரமும் அவர்கள் விழித்திருக்கும் நேரமும் பொருந்திவிட்டது. வீரர்களின் வேலை அட்டவணையில் நாசா இடம் ஒதுக்க வேண்டும். நாம் விரும்பும் வாரத்தைச் சொல்லலாம், அவ்வளவுதான். நாளும் நேரமும் எங்களுக்கு உறுதியானது ஒரு வாரத்துக்கு முன்புதான்.

இதுதான் பள்ளி மணியில் போய் முட்டியது. அங்கே மணியும் அறிவிப்பும் மாவட்ட மையத்திலிருந்து தானாக ஒலிப்பவை. எங்கள் பத்து நிமிடத்தின் நடுவில் ஒரு மணி அடிக்கும். அன்றைக்கு மட்டும் நிறுத்தக் கேட்டால், இரண்டு வாரத்துக்கு முன் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று பதில். தேதியே ஒரு வாரத்துக்கு முன்தான் தெரியும் என்று எவ்வளவோ விளக்கியும் அவர்கள் காதில் ஏறவில்லை. கடைசியில் இடத்தை மாற்றினோம். பேசும் பிள்ளைகள் நூலகத்தில். அங்கே ஒலிபெருக்கியின் சத்தத்தைச் சுவரிலேயே குறைத்துவிடலாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் உடற்பயிற்சிக் கூடத்தில் பெரிய திரையில் பார்த்தார்கள். இடம் மாறியதில் கேபிள் நீளமானது, கூடத்துக்குப் போன ஒலியில் ஒரு உறுமல் சேர்ந்துகொண்டது. நடுவில், இரண்டு பக்கத்துக் கருவிகளையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டதும் உறுமல் நின்றது. உங்கள் பையில் அது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளைகள் படமும் குரலுமாக வெளியே போவார்கள் என்பதால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பள்ளி அதை ஆன்லைனில் மட்டுமே வாங்கும். பாட்டியிடம் வளரும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்பிலேயே அருமையான கேள்வி அவனுடையது. அந்தப் பாட்டிக்குக் கணக்கும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், அலுவலகம் வாங்க மறுத்தது. வேறு பிள்ளையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை வேறு. ஆசிரியைக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். மாலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கி, அங்கேயே ஒப்புதலை வாங்கி வந்துவிட்டார். பெயர்ப் பட்டியலை முடிவு செய்யும் அன்றே ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். ஒரு குழந்தையை இதற்காக வரிசையிலிருந்து எடுக்கக் கூடாது.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்தாலும் கூரையில் முக்காலி அசையவில்லை. பராமரிப்பாளர் காலையிலிருந்தே மேலேதான் இருந்தார். நேரம் வந்ததும் நிலையத்தின் ரேடியோ அழைப்புப் பெயரைச் சொல்லி அழைத்தோம்: "என்ஏ1எஸ்எஸ், என்ஏ1எஸ்எஸ்..." பதில் இல்லை, இரைச்சல் மட்டும். மறுபடி அழைத்தோம். நூலகத்தில் ஒரு பிள்ளை இருமிக்கூடக் கேட்கவில்லை. இரைச்சல் சட்டென்று விலகி, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் வீராங்கனையின் குரல் வந்தது. கூடத்திலிருந்து கிளம்பிய ஆரவாரம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நிலையம் நெருங்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் அலை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை மேலே இருக்கும், விலகும்போது அதே அளவு கீழே இறங்கும். அதற்கேற்ப ரேடியோவை மாற்றுவதைக் கணினி பார்த்துக்கொண்டது.

பாட்டியின் பேரன் கேட்டான்: "அங்கே அழுதால் கண்ணீர் கீழே விழாதே, அப்போது என்ன ஆகும்? ஓவர்." விழாது, கண்ணிலேயே ஒரு நீர் உருண்டையாகத் திரளும், துடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் அவர். பையன் மைக்கைக் கொடுக்க மறந்து நின்றுவிட்டான். பின்னால் நின்ற பெண் மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கேள்வி முடிந்ததும் "ஓவர்" சொல்வதைப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்குங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவதால் வீரர்கள் தயாராகத்தான் இருப்பார்கள். ஆனாலும் மனம் விட்டு நீளமாகப் பதில் சொல்வார்கள், அதுதான் அழகு. எனவே இருபது கேள்வி அனுப்பினாலும் இருபதும் நடக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வரிசையின் கடைசி இரண்டு பிள்ளைகளின் முறை வருவதற்குள் குரல் மங்கி இரைச்சலில் கரைந்துவிட்டது. ஒருத்தி அழுதாள். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு இப்படி நடக்கலாம் என்பதை ஒத்திகையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த இருவரும் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் சங்கத்துக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் ஹாம் ஆவதற்கான முதல் படியான டெக்னீஷியன் உரிமத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை; 35 கேள்வியில் 26 சரியாக இருந்தால் போதும். விண்வெளி நிலையத்திலேயே ஹாம்களுக்கென்று, கேட்டதை வேறு அலைவரிசையில் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது. அது இயங்கும் நாட்களில் 145.990 மெகாஹெர்ட்ஸில், ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் 437.800-இல் திரும்பக் கேட்கும். அதற்குக் கையில் பிடிக்கும் ஆண்டெனாவே போதும், வீட்டு முற்றத்தில் நின்று செய்யலாம். யாரிடமும் கூரைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.