நடுச்சாமத்துக் குளிசை

முந்தநாள் நடுச்சாமம் பன்னிரண்டரை மணிக்கு அம்மா முற்றம் கூட்டினார். விளக்கு வைத்த பிறகு விளக்குமாற்றைத் தொட்டால் சீதேவி போய்விடுவாள் என்று முப்பது வருடமாக எங்களைத் துரத்தி அடித்த அதே அம்மாதான். பழி முழுக்க என் தலையில். நியாயமாகப் பார்த்தால் அதில் ஒரு பங்கு ஒன்பதாம் ஆண்டு படிக்கிற மருமகனுக்கும், ஒரு பங்கு இரவு ஒன்பது அடித்ததும் ரவுட்டரை நிற்பாட்டுகிற அம்மாவுக்கும் போக வேண்டும். ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குள் என் பெயர் மட்டும்தான் அடிபடுகிறது.

அம்மாவுக்குத் தைரொயிட் குளிசை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணித்தியாலமாவது தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்கக் கூடாது. அம்மாவுக்கோ எழும்பின கையோடு பிளேன்டீ வேண்டும். இந்த இரண்டும் ஒரு வீட்டுக்குள் ஒத்துப்போகாது. போனில் அலாரம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தேன். அம்மா அதை அமத்திவிட்டு நேரே கேத்திலை வைப்பார். "அது சும்மா கத்துது மனே. என்னத்துக்குக் கத்துது எண்டு சொல்லுதில்லயே."

அதில் நியாயம் இருந்தது. அதனால் கத்தாமல் சொல்கிற ஒன்றைச் செய்து தருவோம் என்று இறங்கினேன்.

என் லப்டொப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஜிபி ராம். பிரவுசரைத் திறந்தால் நெல்லு மில் ஓடுகிற சத்தம் வரும். ஆகவே டெர்மினல் என்கிற, கட்டளை அடிக்கிற எழுத்துத் திரையிலேயே ஓடுகிற நாட்காட்டி ஒன்றைப் பிடித்தேன். பெயர் கால்கர்ஸ். படம் இல்லை, மவுஸ் தேவையில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். "கால்ல கரைச்சலா? ஒள்ளுப்பம் எண்ணெய் போட்டுத் தேய் மனே" என்றார்.

அதைத் திறந்தால் திரை மூன்று பெட்டியாகப் பிரியும். ஒன்றில் மாதம், ஒன்றில் செய்ய வேண்டிய வேலைகள், மற்றதில் நியமனங்கள், அதாவது அப்பொயின்ட்மென்ட். நியமனம் என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள், எந்தத் திணைக்களத்தில், எப்போது கடமையேற்பு என்று கேட்டு வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் அதில் முதலில் போட்ட நியமனம் அம்மாவின் கிளினிக். கொப்பியில் இருந்தது தை மாதம் எட்டாம் தேதி. நான் 08/01 என்று அடித்தேன். அது ஓகஸ்ட் முதலாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. ஏனென்றால் அமைப்புக் கோப்பில் ஒன்றும் மாற்றாமல் விட்டால் அதற்கு மாதம்தான் முன்னுக்கு, அமெரிக்காக்காரன் மாதிரி. இன்புட்டேட் என்ற வரியில் 1 இருந்ததை 2 ஆக்கினேன். நாள் முன்னுக்கு வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், அது உள்ளுக்குள் எழுதி வைக்கிற கோப்பையே நேரடியாகத் திறந்து ஒரு தேதியைத் திருத்தினேன். அங்கே என்னதான் தலைகீழாக நின்றாலும் மாதம்தான் முன்னுக்கு! வெளியில் நமக்கு ஏற்ற மாதிரித் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் தன் பழக்கத்தை விடாத மச்சான்மார் எனக்கு இரண்டு பேர் இருப்பதால் இது பெரிய ஆச்சரியமாக இல்லை.

அடுத்தது அறிவிப்பு. முக்கியம் என்று குறி வைத்த விடயங்களுக்கு மட்டும், 300 செக்கனுக்கு முன்னால், ஒரு கட்டளையை ஓட்டும். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 'டொங்' என்று ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான். அந்தக் கட்டளையைத் தூக்கிவிட்டு, எழுத்தை வாசிக்கிற ஈஸ்பீக்கைப் போட்டேன். அதற்குத் தமிழும் தெரியும். மூக்கடைத்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தமிழ் பழகினது மாதிரி ஒரு குரல். "அம்மா, குளிசை போடுங்க." தினமும் காலை ஆறு மணிக்கு என்று எழுதி, குறி வைத்து, குசினி வரைக்கும் கேட்க வேண்டுமென்று ஹோலில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் செருகி, சத்தத்தை முழுக்கத் திருகி விட்டேன்.

மூன்று நாள் சரியாக ஐந்து ஐம்பத்தைந்துக்குக் குரல் வந்தது. அம்மா எழும்பினார், குளிசை போட்டார், ஆறரை வரைக்கும் கேத்திலைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். வேலிக்கு அங்கால மாமியிடம் பெருமை வேறு. "என்ட மனேன்ட மிஷின் பிழை விடாது கா."

நாலாம் நாள் மருமகன் வந்தான். மார்கழி லீவு. இந்த லப்டொப்பில் நான் பாவிக்கிற லினக்ஸ் இயங்குதளத்தோடு ஒரு மூலையில் பழைய விண்டோஸும் கிடக்கிறது, அவன் கேம் விளையாடுவதற்காகவே. "முடிஞ்சா லினக்ஸுக்கு மாத்தி வச்சிட்டுப் போ" என்று சொல்லியிருந்தேன். பிள்ளை சொன்னபடி மாற்றி வைத்துவிட்டுத்தான் போனான். அதுதான் வினை.

விண்டோஸ், கணினிக்குள் இருக்கிற சின்ன மணிக்கூட்டில் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் வந்து அதே மணிக்கூட்டைப் பார்த்து, இது கிரீன்விச் நேரம் என்று நினைத்து, நம் பங்கு ஐந்தரை மணித்தியாலத்தை அதன்மேல் இன்னொரு தரம் கூட்டும். இன்டர்நெட் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே விசாரித்துத் திருந்திவிடும். ஆனால் மருமகன் போகும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது. ரவுட்டர் நித்திரை. இடி விழுந்தாலும் என்று அம்மா கழற்றி வைப்பார், இடி இல்லாத நாளிலும். ஆக, ஊருக்கு நடுச்சாமம் பன்னிரண்டு இருபத்தைந்து ஆகும்போது என் லப்டொப்புக்கு விடிய ஐந்து ஐம்பத்தைந்து.

"அம்மா, குளிசை போடுங்க."

நான் கேட்கவில்லை, நல்ல நித்திரை. அம்மா கேட்டார். எழும்பினார். ஹோல் மணிக்கூட்டைப் பார்த்திருக்கலாமே என்றால், அது இரண்டு மாதமாக நாலு பத்தில் நிற்கிறது. பெட்டரி வாங்கிப் போடு மனே என்று அம்மா சொல்லச் சொல்ல, நான் டெர்மினலில் நாட்காட்டி அமைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கும்மிருட்டு. மழை இருட்டு என்று நினைத்தாராம். குளிசையைப் போட்டார். அரை மணித்தியாலம் சும்மா இருக்க ஏலாமல் விளக்குமாற்றை எடுத்தார்.

ஈரத்தில் ஒட்டிக் கிடந்த மாவிலையை வறட் வறட் என்று கூட்டுகிற சத்தத்தில்தான் நான் எழும்பினேன். வெளியே வந்தால் எல்லா லைட்டும் எரிகிறது, அம்மா குனிந்து நிற்கிறார், வேலிக் கடப்பால் மாமி தலைவிரி கோலமாக ஓடி வருகிறார்.

"என்னக்கா, ஆருக்கும் ஏதுமா?"

"ஆருக்கு என்ன? விடிஞ்சிட்டு, கூட்டுறன்."

"எங்க விடிஞ்ச? மணி பன்னிரண்டே முக்கால்!"

மாமிக்குப் பின்னால் மாஸ்டர் மாமா, ஒரு கையில் டோர்ச், மறு கையில் குடை. செத்த வீடு என்றே முடிவு கட்டி வந்திருக்கிறார், தோளில் துவாயும் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வாவிக்கு வலை வீசப் போகிற அண்ணனும் லைட்டைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் லப்டொப்பைப் பார்த்தேன். அதில் காலை ஆறு பதினைந்து, மிக அமைதியாக.

அம்மா என்னை ஏசவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "குளிசை போட்டு அரை மணித்தியாலம் ஆகப் போகுது. தேத்தண்ணி வைக்கலாம்" என்று குசினிக்குப் போனார். கொள்கை என்றால் கொள்கைதான்.

இப்படித்தான் ஒரு மணிக்கு விறாந்தையில் ஐந்து பேர் பிளேன்டீயோடு உட்கார்ந்தோம். நான் குற்றவாளி என்பதால் நிலத்தில். ஐந்தரை மணித்தியாலக் கதையை விளங்கப்படுத்தினேன். மாஸ்டர் மாமாவுக்குச் சரித்திரம்தான் பாடம், பென்சன் எடுத்தும் விடவில்லை. "நேரம் பிழைக்கிறது நமக்குப் புதிசா தம்பி" என்று தொடங்கினார். 1996இல் வைகாசியில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, அதே வருடம் ஐப்பசியில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது, 2006 சித்திரையில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். ஆனால் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை பழைய நேரத்தை விடவேயில்லை. மாமா அப்போது, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் வாவியைக் கடந்து, அக்கரையில் படிப்பித்தவர். "மண்முனையில பாதையில ஏறக்குள்ள எட்டரை. அங்கால இறங்கினா எட்டேகால். போற நேரத்துக்கு முதலே போய்ச் சேந்த வாத்தி நான் ஒராள்தான்."

திரும்பி வரும்போது அந்த லாபமெல்லாம் பறிபோய்விடுமே என்றார் வலை அண்ணன். அதற்குத்தான் மாமா பின்னேரம் வெள்ளெனப் புறப்படுவாராம். லப்டொப்பில் தேடிப் பார்த்தேன், 96உம் 2006உம் ஒரு நாள் பிசகாமல் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அதற்கு இலங்கை என்றால் ஆசியா, கொழும்பு, ஒரே வரி. மாமா பாதையில் சம்பாதித்த கால் மணித்தியாலத்துக்கு அதில் இடமில்லை.

அம்மாவுக்கும் பழைய கதை வந்துவிட்டது. 1966இல் தொடங்கி நாலைந்து வருடம் சனி, ஞாயிறு லீவு இல்லை, நிலாவை வைத்து வருகிற பௌத்தப் போயா நாட்களுக்குத்தான் லீவு. நிலா எந்தக் கிழமைக்கு வருகிறதோ அதுதான் வாரக்கடைசி. "ஞாயித்துக்கிழம சீருடை போட்டுப் பள்ளிக்குப் போவம் மனே. எந்தக் கிழம எண்டே தெரியாது, வானத்தப் பாத்துத்தான் லீவு." இதைக் கால்கர்ஸில் எப்படிப் போடுவது என்று நான் யோசித்தேன். அந்த நேரத்திலும் அப்படி ஒரு யோசனை.

வந்தவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே என்று, டெர்மினலில் 1752 செப்டெம்பரைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் தேதி புதன், அடுத்த கட்டம் பதினாலாம் தேதி வியாழன். நடுவில் பதினொரு நாள் காணாது. பிரித்தானியர் பழைய கலண்டரை விட்டுப் புதியதற்கு மாறிய மாதம் அது.

"அந்தப் பதினொரு நாளுக்கும் சம்பளம்?" என்றார் மாமி.

மாஸ்டர் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது வெள்ளைக்காரனுக்கு. அந்த வருஷம் நம்மட கோட்டையில இருந்தவன் ஒல்லாந்தன். ஒல்லாந்தில 1583ஓட மாத்திட்டாங்கள். மட்டக்களப்புக்கு ஒரு நாளும் தொலையல்ல, விளங்கிச்சா?" பதினொரு நாளையும் தானே காவல் நின்று காப்பாற்றியது மாதிரி ஒரு முகம்.

மூன்று மணிக்குத்தான் கலைந்தார்கள். இரண்டாம் கேத்திலும் முடிந்துவிட்டது. வலை அண்ணன் இனி இறால் படாது என்று வீட்டுக்கே திரும்பிப் போனார், அதுவும் என் கணக்கில்தான் வரும். நான் ரவுட்டரைப் போட்டு நேரத்தைத் திருத்தினேன். லினக்ஸையும் ஊர் நேரத்துக்கே பழக்கும் ஒரு வரிக் கட்டளையையும் அடித்தேன். இது நல்ல பழக்கமில்லை என்று புறுபுறுத்துக்கொண்டே அது கேட்டது. கால்கர்ஸையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன், எல்லாம் சரி என்று படுத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு, "அம்மா, குளிசை போடுங்க."

அம்மா என் கட்டிலடியில் வந்து நின்றார், கையில் குளிசைப் போத்தல். "மறுகாவும் சொல்லுது மனே. இன்னொண்டு போடட்டா?"

"ஐயோ, வேணாம் அம்மா!"

"அப்ப அதுக்கிட்டச் சொல்லு, நான் போட்டுட்டன் எண்டு."

அதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அது சொல்லும், கேட்காது. எழும்பிப் போய் ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன்.

நேற்றுப் பின்னேரம் மாமி ஒரு துண்டோடு வந்தார். மாமாவின் பிறஷர் குளிசை, காலை ஏழு, இரவு எட்டு. "சத்தம் எங்கட வீட்டுக்கும் வடிவாக் கேக்குது. இதையும் போட்டுவிடு மகன், மாஸ்டர் எண்டே கூப்பிடட்டும், பேர் சொன்னா அவருக்குப் பிடிக்காது." ஒரே வசனத்தைத்தான் அந்தக் கட்டளை எல்லாவற்றுக்கும் சொல்லும், ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்ல இன்னொரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். மாமி துண்டை லப்டொப் மேல் வைத்துவிட்டு, அம்மாவோடு கதைக்கப் போய்விட்டார்.

இன்று காலை ஸ்கிரிப்டில் இருக்கும்போது சுவரில் தொங்குகிற நகைக்கடைக் கலண்டரைப் பார்த்தேன். அம்மாவின் பால் கணக்கு, சீட்டு, மீன்காரருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் பென்சிலால் அதில்தான் இருக்கும். முந்தநாள் கட்டத்துக்குள் பொடி எழுத்தில்: 'ராவு 12.25 மிஷின் எழுப்பின. மாஸ்டர் வந்த. சீனி முடிஞ்ச.' அதற்குக் கீழே, இரண்டு தரம் அழுத்திக் கோடு போட்டு: 'பெட்டரி.'